மீனுக்கு மருந்து

மாட்டுக்கு வாகடம் உண்டு. குதிரையின் நோய் அறிந்தாரும் யானைக்கு மருந்து அரைத்தாரும் நம் நாட்டில் வழிவழியாக இருந்துள்ளனர். மீனுக்கு வாகடம் எழுதினாரைத் தமிழில் யாம் கண்டிலோம். மகளிர் கண்ணுக்கு உவமையாகக் கயலையும் சேலையும் கெண்டையையும் வாரி வழங்கிய நம் புலவர் பெருமக்கள், அக்கயலுக்கே ஒரு நாள் கண்ணோய் வருமாயின் என் செய்வது என எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதின்று. மீன் நம்மவர்க்குப் பாட்டில் உவமை, பாண்டியர்க்குக் கொடி, உண்கலத்தில் கறி. இம்மூன்றனுள் எந்நிலையிலும் அது நோயாளியாய்க் கிடப்பதற்கு இடமில்லை.

கண்ணாடித் தொட்டி வீட்டினுள் வந்தபின் நிலைமை மாறிற்று. நோவாவின் பேழையில் விலங்கும் பறவையும் இடம்பெற்றன. மீனுக்கு மட்டும் அதனுள் இடம் வேண்டியிருக்கவில்லை. வெள்ளமே அதற்கு வீடாயிருந்தது. அத்தகைய உயிரை நாம் இப்போது ஒரு சிறு பேழையுள் அடைத்துக் கூடத்தின் மூலையில் வைத்துள்ளோம். அடைத்து வைத்தவன் கடன் யாது என்பதே இக்கட்டுரையில் யாம் சொல்லப் புகுந்தது.

இராமநாதபுரத்தில் உள்ள எம் இல்லத்திலும் 60 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி ஒன்று உண்டு. அது எம் தங்கைக்கு உரியது. மோலி, கப்பி என்னும் சிறு மீன்கள் 8 அதில் ஓராண்டாக நலமே வாழ்ந்தன. சென்ற கார்த்திகை மாதத்தில் எம் மாமா மதுரையிலிருந்து தங்கமீன் 4 வாங்கிவந்தார். வந்த அன்றே அவை தொட்டியுள் விடப்பட்டன. யாம் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தோம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு வந்தபோது, தங்கை எம் பெட்டியைக்கூட இறக்கவிடாமல் தொட்டியருகே இழுத்துச் சென்றாள். "அண்ணே, மீன் மேலெல்லாம் ரவை ஒட்டியிருக்கு, கழுவினாலும் போகல்லே" என்றாள். அவள் சொல்லிய உவமை மிகப் பொருத்தமானது. துடுப்பிலும் உடம்பிலும் ரவையைத் தூவினாற்போல வெண்மணிகள். மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, அடியிற் கிடந்த கூழாங்கல்லில் விலாவை உராய்ந்து உராய்ந்து திரும்பின. அதற்கு முன்னரே தங்கமீன் 2 இறந்திருந்தன.

இஃது வெண்புள்ளி நோய். இதற்குக் காரணமான நுண்ணுயிரை 1876இல் பூக்கே என்னும் பிரெஞ்சு அறிஞர் விவரித்தார். இக்தியோப்திரியஸ் என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் 'மீன்பேன்' என்று பொருள்படும் பெயர் அது. ஆயினும் அது பேன் அன்று. ஒரே உயிரணுவாலாய, உடல் முழுதும் நுண்மயிர் சூழ்ந்த பிராணி. அதன் வாழ்க்கையை அறியாதவன் அதற்கு மருந்திடுதல் இருட்டில் அம்பெய்தலை ஒக்கும். ஆதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

நாம் காணும் வெண்புள்ளி, மீனின் தோலுக்கு மேலே ஒட்டியதன்று. தோலின் அடியில் புகுந்து, மீனின் திசுவைத் தின்று பருத்துச் சுழன்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. தோலே அதற்குப் போர்வையாதலின், நீரிற் கலந்த மருந்து எதுவும் அதனைத் தீண்டாது. உண்டு கொழுத்தபின் அது மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டுகின்றது. உறையினுள்ளே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இவ்வாறே பிரிந்து பிரிந்து பல நூறு குஞ்சுகள் ஆகின்றது. உறை வெடித்ததும் அவை நீந்திப் புறப்பட்டு மீனைத் தேடுகின்றன. இரண்டொரு நாளுள் மீன் கிடையாதாயின் அவை மடியும். மருந்து அவற்றைக் கொல்லக்கூடிய காலம் இந்த நீந்தும் காலம் ஒன்றே.

இதனால் இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, மீனின் மேலுள்ள புள்ளி மறைந்தது கண்டு நோய் நீங்கிற்றென மகிழ்வது பேதைமை. புள்ளி மறைவது ஒட்டுண்ணி இறந்தமையால் அன்று, கீழே இறங்கிப் பெருகச் சென்றமையால். இரண்டாவது, இந்நோய் ஆற்றிலும் குளத்திலும் மீன்களை அருகியே கொல்ல, தொட்டியில் மட்டும் ஏன் இத்துணைக் கொடிதாகின்றது என்பது. ஆற்றிலே குஞ்சு புறப்படும்போது மீன் எங்கோ போயிருக்கும். ஆயிரத்தில் ஒன்று பிழைப்பதே அரிது. கண்ணாடித் தொட்டியிலோ, புறப்பட்ட குஞ்சு எத்திசை நோக்கினும் மீன். தப்பி ஓடுதற்கு மீனுக்கு வழியில்லை. தவறிப்போதற்குக் குஞ்சுக்கும் வழியில்லை. ஒட்டுண்ணியினும் கண்ணாடிச் சுவரே பெரிய கொலையாளி என்று எமக்குத் தோன்றிற்று.

மருந்து யாது? ஐரோப்பிய நூல்கள் நீரின் உஷ்ணத்தை 30 பாகை அளவுக்கு உயர்த்துக என்று கூறும். உஷ்ணம் மிக்கால் ஒட்டுண்ணியின் வாழ்க்கை விரைந்தோடி, நீந்தும் பருவம் விரைவில் வந்து மருந்தின் கையிற் சிக்கும். இன்னும் மிக்கால் அதன் பெருக்கமே தடைப்படும். நம் இராமநாதபுரத்துக் கோடையில் அடுப்பின்றியே அந்த உஷ்ணம் வந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின்னரே விடியற்காலை நீர் குளிர்ந்து இந்நோய் தலைகாட்டுகின்றது. யாம் உஷ்ணமானியை இட்டுப் பார்த்தபோது விடியலில் 24 பாகை காட்டிற்று. தொட்டியை வெயிலில் வைக்கலாமே என்றார் மாமா. பகலில் ஏறி இரவில் இறங்கும் நீர், பிணியுற்ற மீனுக்கு மற்றொரு பிணி. அன்றியும் நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறையும். செவுளில் ஒட்டுண்ணி நிறைந்து மூச்சுத் திணறும் மீனுக்கு அது தூக்குக்கயிறு. ஆதலால் யாம் உப்பையே தெரிந்தெடுத்தோம்.

உப்புக்கு எம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளங்களே உள்ளன. அயோடின் சேராத கல்லுப்பை லிட்டருக்கு 2 கிராம் வீதம், 60 லிட்டருக்கு 120 கிராம் நிறுத்து, வேறு பாத்திரத்திற் கரைத்து, இரண்டு நாளிற் பகுத்து விட்டோம். பின்னர் மீன்கள் தளராமை கண்டு லிட்டருக்கு 3 கிராம் ஆக்கினோம். மோலி கடல்நீரிலும் வாழவல்ல மீன். அதற்கு உப்பு உறவினர் வீடு போன்றது. தங்கமீனும் இவ்வளவைத் தாங்கும். தொட்டியிலிருந்த பாசிக்கொடிகள் வாடி மடிந்தன, அவற்றை எடுத்தெறிந்தோம். நாள்தோறும் நீரிற் கால்பங்கை அடியிலிருந்து குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே உப்பளவுள்ள புதுநீர் வார்த்தோம். உறைகட்டிய ஒட்டுண்ணிகள் அடியிலேயே கிடப்பவாதலின், அடிநீரை எடுத்தலே பாதி வைத்தியம். புதுநீர் என்றது குழாய்நீரை அப்படியே ஊற்றுதல் அன்று. காவிரிக் கூட்டுக்குடிநீரிற் கலந்த குளோரின், செவுளை எரிக்கும். ஒரு நாள் முழுதும் வாய்திறந்த அண்டாவில் ஆறவைத்தே வார்த்தோம்.

எம் அப்பத்தா இவையெல்லாவற்றையும் திண்ணையிலிருந்தே கவனித்து வந்தார். பாம்பனிற் பிறந்து வளர்ந்தவர்; மீன் என்றால் எந்தக் குழம்புக்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். தராசு வைத்து யாம் உப்பு நிறுப்பதைக் கண்டு, "ஏய்யா, மீனுக்கு உப்புப் போட்டாக் கருவாடுல்ல ஆகும்? நீங்க உசுரு குடுக்கிறீகளாக்கும்!" என்றார். வீடே சிரித்தது. சிரிப்படங்கியபின் அவர் கேட்ட கேள்வி மட்டும் சிரிப்பிற்குரியதன்று: "நேத்துக் காலையிலே ரெண்டு கிலோச் சாளை வாங்கி அறுத்தோமே, அதுக்கு யாரு அழுதா?" தங்கை பதில் சொல்லாமல் எம்மைப் பார்த்தாள். சாளை கடலிலே தன் வாழ்வு தானே வாழ்ந்தது. அதன் நோய்க்கும் பசிக்கும் நாம் பொறுப்பல்லோம். இத்தொட்டி மீன் உண்ணும் உணவும், மூச்சுவிடும் நீரும், கழிக்கும் மலத்தின் நீக்கமும் எம் கையிலுள்ளன. இவ்வளவே யாம் சொன்னது. அப்பத்தா வாதத்தை ஒப்பினாரல்லர். ஆயினும் மறுநாட் காலை, யாம் எழுமுன்னரே அண்டாவில் நீர்பிடித்து ஆறவைத்திருந்தவர் அவரே.

4ஆம் நாள் புள்ளிகள் மறைந்தன. தங்கை துள்ளினாள், யாம் உப்பைக் குறைக்கவில்லை. 7ஆம் நாள் முன்னினும் மிகுதியாகத் தோன்றின. அன்றிரவு கீதபவனிக்காரர் வாசலில் நின்று பாடிக்கொண்டிருக்க, உள்ளே கப்பி 3 நீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, விடியுமுன் இறந்தன. 11ஆம் நாளுக்குப் பின் புதுப்புள்ளி ஒன்றும் காணவில்லை. அதன்பின்னும் ஒரு வாரம் உப்புநீரே இருந்தது. 12 மீனில் 7 பிழைத்தன.

நிற்க. தொட்டி மீன்களின் சாவுக்கெல்லாம் ஒட்டுண்ணியையே குற்றவாளியாக்குதல் முறையன்று. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவைக் கழிக்கின்றது, அது நஞ்சு. கல்லிலும் வடிகட்டும் பஞ்சிலும் குடியேறும் நன்மைசெய் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிதாக அமைத்த தொட்டியில் இப்படை திரளுதற்கு 4 முதல் 6 வாரம் செல்லும். அதற்குள் மீனை நிறைத்தால் அது தன் கழிவிலேயே வேகும். வெந்த உடம்பிற்கு எந்நோயும் எளிது. வாலும் துடுப்பும் அழுகுதல், பஞ்சுபோலப் பூஞ்சை படர்தல் முதலியவை பெரும்பாலும் கெட்ட நீரின் பிள்ளைகளே. கடைகளில் விற்கும் நீலத்துளியை நோய் எதுவென்று நோக்காது சொட்டுவார்க்கு இதனைச் சொல்லவேண்டும். இன்னுமொன்று: கையில் புண்ணுள்ளார் தொட்டியுள் கைவிடலாகாது. பிலதெல்பியா நகரத்து மீன்காட்சிச் சாலையில் இறந்த மீன்களிலிருந்து 1926இல் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரியா, காசநோய்க் கிருமியின் இனத்தது. மனிதர் தோலிலும் ஆறாப் புண்ணை உண்டாக்கவல்லது.

விடுமுறை முடியுமுன் தங்கையை மண்டபத்திற்கு அழைத்துச் சென்றோம். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971 வரை அங்கேயே இருந்தது. பின்னர்க் கொச்சிக்கு மாறிற்று. எனினும் மண்டபத்து நிலையம் குன்றவில்லை. கடல்விறாலை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்த வெற்றி 2010இல் அங்கேதான் கிடைத்தது. கோமாளி மீனும் அங்கே குஞ்சு பொரித்து வளர்க்கப்பெறுகின்றது. அந்நிலையத்து மீன்காட்சிச் சாலையில், கடற்சாமந்தியின் இதழ்களிடையே கோமாளி மீன் புகுந்து விளையாடுவதைத் தங்கை நெடுநேரம் நின்று பார்த்தாள். "இதுக்கும் ரவை வருமா?" என்பதே அவள் கேட்ட முதற்கேள்வி.

வரும். கடல்மீனின் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான உயிரை 1951இல் பிரௌன் என்பார் பெயரிட்டு விவரித்தார். கிரிப்டோகேரியான் என்பது அது. வாழும் முறையில் நன்னீர் ஒட்டுண்ணிக்கு இரட்டைப்பிள்ளை போன்றது. ஆயினும் பிறப்பால் நெருங்கிய உறவன்று என்று இக்கால ஆராய்ச்சி காட்டுகின்றது. கடல்மீனுக்கு உப்பு மருந்தாகாது என்பது வெளிப்படை. அங்கே நன்னீர் மருந்தாகின்றது! கடல்மீனின் தோலிலும் செவுளிலும் கொக்கியிட்டுத் தொங்கும் தட்டைப்புழுக்களை வீழ்த்த, உஷ்ணமும் காரத்தன்மையும் ஒத்த நன்னீரில் மீனைச் சில நிமிடம் அமிழ்த்தி எடுப்பர். நன்னீர் புழுவின் சிறிய உடம்பினுள் பாய்ந்து அதனை வீங்கச் செய்யும். பெரிய உடம்புடைய மீன் அச்சில நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஒன்றற்கு மருந்தாவது மற்றொன்றற்கு நஞ்சு. நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது காலமும் அளவுமே. நன்னீர்க் குளியல் வெண்புள்ளியை அணுகாது. அதற்குச் செம்புச் சத்து வேண்டும். மயில்துத்தத்தை அளந்து, லிட்டருக்குச் செம்பு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்னும் அளவில் பல நாள் நிறுத்துவர். அதனினும் குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் மீனே மடியும். பவளமும் கடற்சாமந்தியும் இறாலும் அவ்வளவையும் பொறா. கோமாளி மீனைக் காக்க இட்ட செம்பு, அது குடியிருக்கும் கடற்சாமந்தியைக் கொல்லும். ஆதலின் நோயுற்றதை வேறு தொட்டிக்குக் கொண்டுபோதலன்றி வழியில்லை.

கடலில் ஒட்டுண்ணி இல்லையோ எனின், பாம்பன் மீன்சந்தையில் அரைமணி நேரம் நின்றால் ஐயம் தீரும். மீனின் வாயைப் பிளந்தால், நாவின்மேல் வெள்ளிய பூச்சியொன்று கால்களை ஊன்றி அமர்ந்திருப்பதைச் சில மீன்களிற் காணலாம். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான சைமோதோவா இனத்தது அது. முதலில் ஆணாயிருந்து பின்னர்ப் பெண்ணாகும் விந்தையுடையது. அமெரிக்கக் கரையில் வாழும் அதன் உறவொன்று, மீனின் நாவைக் குருதி வற்றச் செய்து, தானே நாவாக அமர்ந்துகொள்வதை அறிஞர் கண்டெழுதியுள்ளனர். பேதுரு பிடித்த மீனின் வாயில் வரிகட்டக் காசு இருந்ததென வேதாகமத்திற் படித்த நாள்முதல் மீன்வாயை நோக்கும் வழக்கம் எமக்குண்டு. இதுகாறும் எமக்குக் கிடைத்தது இப்பூச்சியே.

கடலிலே வைத்தியரும் உளர். நீலமும் கறுப்பும் கோடிட்ட, விரலளவே நீண்ட துப்புரவு மீன் ஒன்று பவளப்பாறையில் ஓரிடத்தில் நின்று ஆடும். பெரிய மீன்கள் அங்கே வந்து, முறைக்குக் காத்து நின்று, வாயையும் செவுளையும் விரித்துக் காட்டும். சிறியது உட்புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஆஸ்திரேலியாவின் லிசார்டுத் தீவில் ஆராய்ந்த அலெக்சாண்டிரா கிரட்டர் அம்மையார், இம்மீன் ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 1200 ஒட்டுண்ணிகளைத் தின்கின்றது எனக் கணக்கிட்டார். இதே வேடம் பூண்ட போலி வைத்தியமீன் ஒன்றும் உண்டு. நம்பி வாய்திறந்த நோயாளியின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். உலகம் எங்கும் ஒன்றுதான்.

ஒட்டுண்ணிக்குப் புகழும் ஒருகாலத்து வந்ததுண்டு. 1902இல் லிவர்ப்பூலிலிருந்து இலங்கைக்கு வந்து, ஹார்னெல் என்பார் துணையுடன் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்த ஹெர்ட்மன் என்னும் பேராசிரியர், சிப்பியினுட் புகுந்த நாடாப்புழுவின் குஞ்சைச் சுற்றியே முத்து விளைகின்றது என்று முடிவுகட்டினார். திருக்கை மீனின் குடலில் வாழும் புழுவே பாண்டியன் முடியில் முத்தாயிற்று என்றால் அதனினும் சுவையான கதை வேண்டுமோ! பின்வந்த ஆராய்ச்சியாளர் இதனை ஒப்பவில்லை. சிப்பியின் மேற்றோற் சதையின் அணுக்கள் இடம்பெயர்ந்து உள்ளே பதிவதே முத்துக்கு மூலம் என்று தெளிந்தனர். 1973இல் தூத்துக்குடியில் அழகர்சாமி அவர்கள் முத்தை வளர்த்துக் காட்டியதும் அவ்வழியைப் பற்றியே. எமக்குச் சிறிது வருத்தந்தான்.

தங்கை மண்டபத்திலிருந்து திரும்பும் வழியில் கோமாளி மீன் கேட்டாள், கடற்குதிரையும் கேட்டாள். கடற்குதிரை, பவளம், கடலட்டை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. ஆதலின் அவள் விருப்பத்திற்குச் சட்டமே விடைசொல்லிற்று. எமக்கு வேலை குறைந்தது.

அதனினும் கடினமான வழக்கு, நோய் முற்றியிருந்த நாளிலேயே எழுந்தது. கப்பிகள் இறந்த காலையில் தங்கை ஒரு வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். மிஞ்சியவற்றை ஊரணியில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளுமே என்பது அவள் எண்ணம். பெரியநீரில் ஒட்டுண்ணி வலியிழக்கும் என்று சற்றுமுன் யாமே கற்பித்திருந்தோமாதலின், அவள் வாதம் எம் வாதத்திலிருந்தே பிறந்தது. மாமாவும் அதனையே ஆதரித்தார். இரக்கமுள்ள செயல் என்றார். யாம் வாசலை மறித்துக்கொண்டு நின்றோம். ஊரணியில் நம் நாட்டுக் கெண்டையும் அயிரையும் உள. மதுரைத் தொட்டியில் எங்கெங்கிருந்தோ வந்த மீன்களோடு நெருங்கிக் கிடந்த தங்கமீன், வெண்புள்ளி ஒன்றையே கொணர்ந்ததென்று யார் உறுதி கூற வல்லார்? மீன்பேனாகிய ஆர்குலஸும், நங்கூரப்புழுவாகிய லெர்னியாவும் வளர்ப்புமீன்களோடு நாடுவிட்டு நாடு சென்று பரவியவை. மீனே பகையாவதும் உண்டு. தொட்டி துப்புரவாக்கவென்று வாங்கி, பருத்தபின் குளத்தில் வீசப்பட்ட தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டு பெருகியிருக்கின்றது. தெருவுக்கெல்லாம் பொதுவான ஊரணியை எம் வீட்டு இரக்கத்திற்கு விலையாகக் கொடுத்தல் எங்ஙனம் தகும்?

தங்கை வாளியைக் கீழே வைத்தாள். ஆனால் அன்று முழுதும் எம்மோடு பேசவில்லை. மாலையில் அப்பத்தா இறந்த மீன்களைக் காகிதத்திற் சுற்றி முருங்கையடியிற் புதைத்துவர, அவள் உடன்சென்று மண் தள்ளினாள். இரவு உப்பு நிறுக்கும்போது தராசைப் பிடித்தவள் அவளே.

இப்போது எம் வீட்டில் பழைய ஊறுகாய்ப் பரணி ஒன்று நீர் நிறைந்து தனியே இருக்கின்றது. அதற்கென்று வேறு வலை, வேறு குழாய். பெரிய தொட்டியில் நனைந்தது எதுவும் அதில் படலாகாது என்பது தங்கையின் கட்டளை. புதுமீன் எதுவாயினும் மூன்று வாரம் அங்கே இருந்தே பெரிய தொட்டிக்குச் செல்லவேண்டும். சென்ற வாரம் அவள் எழுதிய கடிதத்தில், மாமா மறுபடியும் மீன் 2 வாங்கிவந்தார் என்றும், அவர் எவ்வளவு சொல்லியும் தான் இணங்கவில்லை என்றும், இன்று 9ஆம் நாள் என்றும் குறித்திருந்தாள்.